ஆபீஸில் எந்தப் பேரை எடுப்பது? நான்கு வழிகளும் நாங்கள் எடுத்த முடிவும்

போன தை மாதம் அண்ணன் மகளோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு போக பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மனசு சரியில்லை என்றால் காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். அன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று ஆரம்பித்தாள்.

"அத்தை, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து நான் சரி பண்ணினது. பெங்களூர்ல இருக்கறவங்க அதை மீட்டிங்ல எடுத்துச் சொன்னாங்க. இப்ப அது அவங்க செஞ்சதுன்னு ஆயிடுச்சு."

அவள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் சேலம் கிளையில் இருக்கிறாள். ஒரு வாடிக்கையாளரின் மாதாந்திர பில்லிங் ராத்திரியில் தானாக ஓடும். அது நின்றுபோனால் எழுப்பப்படுகிறவர்களில் இவளும் ஒருத்தி. டீம் லீட் பெங்களூரில், மேனேஜர் சென்னையில். அப்ரைசல் முடிந்து வந்த மதிப்பீட்டில் 'இன்னும் முன்வந்து செயல்பட வேண்டும்' என்று ஒரு வரி. தோழிகள் எல்லாம் ஒரே குரலில் சொன்னார்களாம்: உனக்குப் பர்சனல் பிராண்ட் இல்லை, லிங்க்டுஇன்னில் எழுத ஆரம்பி.

எழுதலாமா, வேண்டாமா, வேறு என்ன செய்யலாம் என்று அன்று முழுக்கப் பேசினோம். அப்புறமும் பல நாள் யோசித்தேன். வேலை சேலத்தில், முடிவெடுக்கிறவர்கள் வேறு ஊரில் என்ற நிலைமையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பர்சனல் பிராண்ட் என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது, தன்னைத்தானே பீற்றிக்கொள்வது போல. அந்தச் சொல் பரவலானது 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் டாம் பீட்டர்ஸ் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு. நீங்கள் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் உங்களுக்கென்று ஒரு தனி முத்திரை வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் அப்பா காலத்துச் சேலத்தில் இதற்குத் தேவை இருக்கவில்லை. 1981-இல் இரும்பாலை ஓட ஆரம்பித்த பிறகு, 'இரும்பாலையில் வேலை' என்ற இரண்டு சொல்லே ஒரு மனிதரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். வீடு வாடகைக்குக் கொடுக்கவும் அது போதும், பெண் கொடுக்கவும் அது போதும். இன்றைக்கு நான்கைந்து வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிற பிள்ளைகளுக்குக் கம்பெனியின் பேர் அப்படித் துணைக்கு வருவதில்லை.

ஆனால் இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. பேர் எடுத்தான், பேரைக் கெடுத்துக்கொண்டான், பேரைக் காப்பாற்று என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவள். சுற்றிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். ஒருவர் உருக்குவார், ஒருவர் கம்பி இழுப்பார், ஒருவர் பற்றவைப்பார், இன்னொரு வீட்டில் சலங்கை கோர்ப்பார்கள், கடைசியில் மெருகு. பல கை மாறித்தான் ஒரு ஜோடி முடியும். அந்தக் கொலுசு எந்த ஊர்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தாலும் அதைச் செய்தவர் பேர் அதில் இருக்காது. தெருவுக்குள் கேட்டால் மட்டும் தெரியும்: பற்றவைப்பு என்றால் அந்த மூலைப் பட்டறைக்காரர், சலங்கை என்றால் இந்த வீட்டு அக்கா. வேலை தேடி அவர்கள் போனதே இல்லை. வேலைதான் அவர்கள் வாசலுக்கு வந்தது.

ஆக, பேர் எப்படியும் ஏற்படத்தான் போகிறது. 'அவளா? அவ...' என்று யாராவது ஆரம்பிக்கும்போது மிச்ச வாக்கியம் என்னவாக முடிய வேண்டும் என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு நான்கு வழிகளைப் பார்த்தோம்.

வேலையே பேசட்டும் என்று இருப்பது

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் முதல் எட்டு வருட உத்தியோகம் முழுக்க இந்த நம்பிக்கையில்தான் ஓடியது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: நீ பாட்டுக்கு ஒழுங்கா வேலையைப் பாரு, மத்தது தானா வரும்.

வரும், இரண்டு விஷயம் சரியாக இருந்தால். வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பார்க்கிற கண்ணும் மாறாமல் இருக்க வேண்டும். பட்டறையில் முதலாளி கொலுசைக் கையில் வாங்கி ஒரு தடவை உருட்டிப் பார்த்தாலே பற்றவைப்பு எப்படி என்று தெரிந்துவிடும். அவரே இருபது வருடமும் அங்கே உட்கார்ந்திருப்பார். லீ பஜாரில் ஒரு மண்டியில் வேலை, முதலாளி எதிரிலேயே கல்லாவில் இருக்கிறார் என்றால் தனியாகப் பேர் தேடி அலைய வேண்டியதில்லை. நேரத்துக்கு வந்து கணக்கில் சுத்தமாக இருந்தாலே போதும்.

என் வேலை அப்படிப்பட்டது இல்லை. நான் கணக்குப் பிரிவு. கணக்கு வேலையை நன்றாகச் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நோட்டீஸ் வராது, அபராதம் வராது, ஆடிட்டர் கேள்வி கேட்க மாட்டார். நடக்காமல் போனதை யார் பார்க்க முடியும்? அண்ணன் மகளின் வேலையும் இதே ஜாதிதான். ராத்திரி அவள் சரி செய்துவிட்டால் காலையில் பில் போய்ச் சேர்ந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்கள், இவர்கள் எல்லோருக்கும் இதே கதி. தப்பு நடக்கிற நாளில் மட்டும் பேர் வெளியே வரும், அதுவும் கெட்ட பேராக.

அந்த முதல் கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒருவர் வந்தார். ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது எனக்குப் பின்னால் சேர்ந்தவர் பேர் இருந்தது, என் பேர் இல்லை. நேராகப் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்: "நீங்க என்னென்ன பாக்கறீங்கன்னு எனக்குச் சரியாத் தெரியலைங்க." எட்டு வருடம் நான் எடுத்த பேர் முழுக்க ஒரே ஒருவர் மனசில் இருந்தது. அவர் ரிட்டயர் ஆனபோது அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவள், "எனக்கு அந்த ஒருத்தர்கூட இல்லையே அத்தை" என்றாள். உண்மைதான். அவள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற மேலதிகாரி யாருமே சேலத்தில் இல்லை. அதனால் முதல் வழியை மட்டும் நம்பியிருப்பது அவளுக்குச் சரிப்படாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ஒரு விஷயத்துக்கு ஆளாக இருப்பது

இரண்டாவது வழி, கம்பெனிக்குள்ளேயே ஏதாவது ஒன்றுக்கு 'அதுன்னா அவங்கதான்' என்று ஆவது. மூலைப் பட்டறைக்காரர் பற்றவைப்புக்கு இருந்தது போல. இந்த வழியில் எனக்கு நேரடி அனுபவம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியை விட்டு இப்போதைய இடத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. வாட், கலால், சேவை வரி என்று பழகியிருந்த எல்லோருக்கும் பயம். 'பாத்துக்கலாம், தள்ளிப்போவும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதம் வீட்டில் வேலை முடிந்த பிறகு சட்டத்தையும் விதிகளையும் வரி வரியாகப் படித்தேன். புரியாததை ஆடிட்டர் ஆபீஸில் போய்க் கேட்டேன். ஜூலை பிறந்தபோது ஆபீஸில் அதைப் பற்றிப் பதில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 2018 ஏப்ரல் 1-இல் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் என்ற ஆன்லைன் சீட்டு கட்டாயம் ஆனபோது, வழியில் நிறுத்தப்பட்ட லாரியிலிருந்து டிரைவர் போன் அடித்தால் அது நேராக என் மேசைக்கு வரும்.

ஆனால் என் பேரை உண்மையில் உண்டாக்கியது இந்த வேலைகள் இல்லை. அது ஒரே ஒரு பக்கத் தாள்.

ஜிஎஸ்டியில் நாம் வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை இன்புட் என்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் நமக்குத் தரும் 2பி என்ற பட்டியலில் வந்தால்தான் எடுக்க முடியும். பட்டியல் மாதம் 14-ஆம் தேதி வரும். வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் நம் மாத ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள் 20. நடுவில் ஆறு நாள். பட்டியலில் வராத பில்களைக் கண்டுபிடித்து, விற்றவர்களைத் துரத்த வேண்டும். முன்பு இதை நான் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி ஒரு பக்கம் எழுதி கொள்முதல் பிரிவுக்கும் முதலாளிக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். எவ்வளவு இன்புட் இன்னும் வரவில்லை, எந்த சப்ளையரிடம் நிற்கிறது, யார் போன் செய்தால் நகரும், போன மாதம் நின்றதில் எவ்வளவு மீண்டது. அவ்வளவுதான்.

இரண்டே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. 15-ஆம் தேதி மதியம் தாள் போகவில்லை என்றால் முதலாளியே கூப்பிட்டுக் கேட்பார். நான் செய்த வேலை அதற்கு முந்தைய மாதம் செய்ததேதான், ஒரு மணி நேரம்கூட அதிகம் இல்லை. முன்பு அது இழக்காமல் தப்பித்த பணம், யாருக்கும் தெரியாது. இப்போது அது ரூபாயில் எழுதிய ஒரு எண். அண்ணன் மகளுக்கு நான் சொன்னவற்றில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்: நடக்காமல் தடுக்கிற வேலை செய்கிறவர்கள் அதை எண்ணாக மாற்றி, ஒரே தேதியில், ஒரே வடிவத்தில், சம்பந்தப்பட்டவர் கைக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் பீற்றிக்கொள்வது எங்கே இருக்கிறது? படிக்கிறவருக்கும் அது தேவைப்படுகிறது.

ஒரு விஷயத்தில் பேர் வந்தால் அது அங்கேயே நிற்பதில்லை என்பதையும் பார்த்தேன். வங்கிக் கடன் தாள்களைப் பார்க்கச் சொன்னார்கள், புது சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று கேட்டார்கள். அதிலெல்லாம் எனக்குத் தனித் தேர்ச்சி எதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் இதை எழுதியிருக்கிறார். ராணுவ அதிகாரிகளிடம் தங்கள் கீழ் இருப்பவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றையும் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னபோது, ஒன்றில் உயர்வாக மதிக்கப்பட்டவர் மற்றவற்றிலும் உயர்ந்தே நின்றார். பிரித்துப் பார்க்க மனித மனசுக்கு முடியவில்லை. கெட்ட பக்கமும் அப்படியே. தினமும் பத்து நிமிடம் லேட்டாக வருகிறவர் அனுப்பும் கணக்கையும் ஒரு தடவை சரிபார்க்கத் தோன்றும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கஷ்டம். எனக்குத் தெரிந்தவரை, அது அடிக்கடி வருகிற விஷயமாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை வருவதில் பேர் நிற்காது. தப்பானால் யாருக்காவது பணமோ தூக்கமோ போக வேண்டும். மற்றவர்கள் 'எனக்கு வேண்டாம்' என்று தள்ளிவிடுகிற விஷயம் என்றால் இன்னும் நல்லது, போட்டி இருக்காது. அதே சமயம் உங்களுக்கு அதன் மேல் வெறுப்பு இருக்கக் கூடாது. வெறுப்பான வேலையில் பேர் எடுத்தால் அதே வேலை வாழ்நாள் முழுக்க உங்களைத் தேடி வரும்.

இந்த வழியின் ஆபத்தும் அதுவே. எங்கள் ஆபீஸில் நிதி மேலாளர் இடம் காலியானபோது நான் கேட்டேன். "நீங்க அங்க போயிட்டா இதை யாரும்மா பாப்பாங்க?" என்றார்கள். என் பேரே என்னைக் கட்டிப்போட்டது. அதற்கு அப்புறம்தான் இரண்டு பேரை உட்கார வைத்து அந்த 15-ஆம் தேதித் தாளை அவர்களே எழுதும்வரை பழக்கினேன். அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அடுத்த முறை இடம் காலியானபோது அந்தக் கேள்வி எழவில்லை. பேர் நிலைத்த மறு வருடமே இந்தப் பழக்கத்தை ஆரம்பித்திருக்க வேண்டும், தாமதம் செய்துவிட்டேன்.

வெளியில் தெரிகிற பேர்

ஏரிக்கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லிங்க்டுஇன் பேச்சு வந்தது. ஏற்காட்டு மலையில் காபி வந்து 200 வருடம் ஆகிறது; சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தது. மார்கழியிலும் தையிலும் போனால் சில்வர் ஓக் நிழலில் பழம் பறிப்பதைப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான கொட்டை வியாபாரிக்குப் போய், மற்ற ஊர்க் கொட்டையோடு கலந்து, வேறு பேரில் பொட்டலமாகிவிடுகிறது. சில தோட்டக்காரர்கள் தாங்களே வறுத்து, தோட்டத்தின் பேரிலேயே விற்கிறார்கள். லிங்க்டுஇன்னில் எழுதுவதும் அப்படித்தான், இடையில் இருப்பவரைத் தாண்டி உங்கள் பேரோடு உங்கள் வேலையைக் கொண்டுபோவது.

இதில் உண்மையான பலன் இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய தகவல், புதிய வேலை எல்லாம் தூரத்துப் பழக்கம் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்பது அவர் வாதம். 2022-இல் சயன்ஸ் இதழில் லிங்க்டுஇன்னில் ஐந்து வருடம், 2 கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவு வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்ப தூரமும் இல்லாத நடுத்தரப் பழக்கங்கள்தான் வேலை மாற அதிகம் உதவின. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கணினி சார்ந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் நன்றாக வேலை செய்தது, மற்ற துறைகளில் நெருங்கிய பழக்கம்தான் உதவியது.

இந்த நுணுக்கம் எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் பிரித்துவிட்டது. என்னைப் போல சேலத்து மில், ஜவ்வரிசி ஆலை, ஜவுளி ஏற்றுமதி என்று இருப்பவர்களுக்கு லிங்க்டுஇன்னால் பெரிய மாற்றம் வராது என்று நினைக்கிறேன். இங்கே ஆள் எடுக்கிறவர் ஆடிட்டரிடம் கேட்பார், இல்லை சம்பந்தியிடம் கேட்பார். அண்ணன் மகளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு அடுத்த வேலை கொடுக்கப் போகிறவர் ஹைதராபாத்திலோ புனேயிலோ இருக்கலாம், சேலத்தில் யாரையும் அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் உடனே எழுத ஆரம்பிக்க வேண்டியதுதானே? நான் தயங்கியது மூன்று காரணங்களுக்காக. முதலாவது, எழுத அவளிடம் என்ன இருக்கிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை. 'இன்று நான் கற்ற ஐந்து பாடங்கள்' வகைப் பதிவுகளை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, எழுதினவர் பேர் மனசில் நிற்பதில்லை. இரண்டாவது, ரகசியம். வாடிக்கையாளர் யார், எந்த சிஸ்டம் எப்போது நின்றது, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம், இதெல்லாம் வெளியே போகக் கூடாதவை. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இதைப் பற்றிக் கட்டாயம் ஒரு பத்தி இருக்கும், அதை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உள்ளே பேர் இல்லாமல் வெளியே மட்டும் பேர் வந்தால், கூட வேலை செய்கிறவர்கள் மனசில் முதலில் எழுவது பாராட்டு இல்லை, 'இதுக்கெல்லாம் எங்க நேரம் கிடைக்குது?' என்ற கேள்வி. அதைத் துடைப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் ஒரு நிலைமையில் இந்த வழிதான் முதலில் வர வேண்டும். இந்தக் கம்பெனியில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்கள் உள்ளே பேர் எடுக்கச் செலவழிக்கும் நேரத்தை வெளியில் செலவழிப்பதே நியாயம்.

எழுதிக்கொடுக்க ஆள் வைப்பது, பணம் கட்டிப் பின்தொடர்வோரைச் சேர்ப்பது பற்றியும் கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுதினதைப் பற்றி நேரில் ஒருவர் நாலு கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டியது அவள்தான்.

எல்லோருக்கும் அக்கா

நான்காவது வழி, ஆட்கள் மூலமாகப் பேர். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, மாட்டிக்கொண்டவருக்குக் கைகொடுப்பது. மெதுவாக வளரும், ஆனால் இதைப் போல நிலைக்கிற பேர் வேறு இல்லை. நான் பழக்கிய இரண்டு பேரில் ஒருவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயிருந்தும் சந்தேகம் கேட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பெண்களுக்கு மட்டும் இதில் ஒரு குழி இருக்கிறது. நம் ஆபீஸ்களில் கொஞ்சம் அன்பாக இருந்தால் சீக்கிரமே 'அக்கா' ஆகிவிடுகிறோம். அக்கா என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும், அதில் குறை இல்லை. ஆனால் அப்புறம் பிறந்தநாள் கேக் சொல்வது அக்கா, ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்குவது அக்கா, இரண்டு பேருக்குள் சண்டை என்றால் சமாதானம் பேசுவது அக்கா. எல்லோருக்கும் பிடித்தவராக இருப்போம். பதவிப் பட்டியல் போடும்போது 'அவங்க ரொம்ப நல்லவங்க' என்பதற்கு மேல் சொல்ல யாருக்கும் ஒன்றும் இருக்காது. தொழிலைக் கற்றுக்கொடுத்தால் தொழிலில் பேர் வரும், பொரிகடலை வாங்கிக்கொடுத்தால் வராது. இரண்டுக்கும் ஒரே அளவு நேரம்தான் போகிறது. என் மகளாக இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவள் எதை எடுத்தாள்

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வேலை கொடுத்தேன். ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் ஜொஹாரி ஜன்னல் என்று ஒன்றைச் சொன்னார்கள். அதில் ஒரு கட்டம், மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத நாம். "கண்ணு, அந்தக் கட்டத்தைத் தெரிஞ்சுக்காம எந்த வழியும் எடுக்காதே. அஞ்சு பேர்கிட்ட கேளு, என்னைப் பத்தி யாராவது விசாரிச்சா ஒரு வரில என்ன சொல்வீங்கன்னு."

தயங்கித் தயங்கி ஒரு வாரத்தில் கேட்டுவிட்டாள். நல்ல பொண்ணு. அமைதியானவ. கேட்டா செஞ்சுடுவா. டைம்க்கு வருவா. டீம் லீட் எழுதியது, 'நம்பி வேலை கொடுக்கலாம்'. ஐந்தும் நல்ல வார்த்தைகள்தான். ராத்திரி பில்லிங்கைப் பற்றி ஒன்றில்கூட ஒரு சொல் இல்லை. மூன்று வருடமாக அவள் தூக்கத்தைத் தின்கிற வேலை! அந்த ஐந்து வரிகளைப் பார்த்த பிறகு எங்களுக்குள் விவாதமே தேவைப்படவில்லை.

இரண்டாவது வழி. பில்லிங் ராத்திரியில் எதனால் நிற்கிறது என்பதுதான் அவள் விஷயம். மாதம் தவறாமல் வருகிறது, நின்றால் வாடிக்கையாளருக்குப் பணம் தள்ளிப்போகிறது, யாரும் அதைத் தொட விரும்புவதில்லை, அவளுக்கோ அதில் ஒரு பிடிப்பே இருக்கிறது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஒரு பக்கம்: போன மாதம் எத்தனை தடவை நின்றது, எந்தக் காரணத்தால், எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடியது, யார் சரி செய்தார்கள், திரும்ப வராமல் இருக்க என்ன செய்யலாம். 'யார் சரி செய்தார்கள்' என்ற பத்தியில் மற்றவர்கள் பேரையும் விடாமல் போடச் சொன்னேன். நேர்மை என்பதற்காக மட்டும் இல்லை; தன் பேர் வருகிற தாளை யாரும் எதிர்க்க மாட்டார்கள். அவள் சரி செய்தது இனி வேறு பேரில் போகவும் வழியில்லை, தேதியோடும் நேரத்தோடும் முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆறு மாதம் கழிந்ததும், புதிதாகச் சேருகிறவர் ஒருவரை இதில் பழக்க வேண்டும். நான் செய்த தாமதம் அவளுக்கு வேண்டாம். லிங்க்டுஇன் ஒரு வருடத்துக்குப் பிறகு. அதற்குள் பன்னிரண்டு மாதக் காரணங்கள் கையில் இருக்கும். வாடிக்கையாளர் பேர் எதுவும் இல்லாமல், ராத்திரி ஓடும் வேலைகள் பொதுவாக ஏன் நிற்கின்றன என்று அவளால் எழுத முடியும். அது வேறு யாரும் எழுத முடியாததாக இருக்கும்.

இதே கேள்வியோடு வேறு நிலைமையில் இருப்பவர்களுக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். முதலாளியின் கண் எதிரே வேலை என்றால் முதல் வழியிலேயே இருங்கள், வருடத்துக்கு ஒரு தடவை செய்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் மகன் பொறுப்புக்கு வரும் நாளில் தேவைப்படும். ஏற்கெனவே ஒரு டீமை நடத்துகிறவர் என்றால் நான்காவதுதான், உங்கள் கீழ் இருந்தவர்கள் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பதே உங்கள் பேர்.

போன வாரம் முதல் தாளின் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சாஃப்ட்வேர் தெரியாத ஆளுக்கும் புரிகிறதா என்று பார்க்கத்தான் எனக்கு. மூன்று இடத்தில் புரியவில்லை என்று குறித்து அனுப்பினேன். இரண்டை மாற்றினாள். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு எழுதியிருந்தாள்: "அது அவங்களுக்குப் புரியும் அத்தை, மாத்தினா தப்பாயிடும்."